கணினி உதவியாளருக்கும் ஒரு கட்டளைத் தாள் வேண்டும்

கடன் கொடுக்காமல் மொத்த வியாபாரம் செய்ய முடியாது. கொடுத்த கடனைச் சரியாகக் கணக்கில் வைக்காவிட்டால் வியாபாரத்தில் நிலைத்து நிற்கவும் முடியாது. பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப் பாகக் கடை வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் இதையே சொல்வார். தெமட்டகொடையில் மேலே வீடும் கீழே களஞ்சியமுமாக இருபது வருடங்களுக்கு மேல் இந்தத் தொழிலைச் செய்துவரும் எனக்கும் இது தெரியாத விடயமல்ல. தெரிந்திருந்தும் 2025 ஜூன் மாத முடிவில் என் கடைக் கணக்கு இரண்டு இடங்களில் பிழைத்துப் போனது. அந்தப் பிழையால் ஒரு தொகைப் பணமும், அதைவிடப் பெரிதாக ஒரு பழைய வாடிக்கையாளரின் மனமும் கையை விட்டுப் போகப் பார்த்தன.

இன்று நம்மில் பலருடைய பிள்ளைகளும் மருமக்களும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கடைக்குரிய சிறு மென்பொருட்களைத் தாங்களே செய்து தருகிறார்கள். ஆகவே எனக்கு நடந்தது நாளை உங்களுக்கும் நடக்கலாம். அதனால்தான் இந்த வாரம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

என் தாத்தாவின் மகன் கணினி படிப்பவர். நிரல் எழுதும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றைத் தன் மடிக்கணினியில் வைத்திருக்கிறார். சென்ற வருடத் தொடக்கத்திலிருந்து மாதா மாதம் எங்கள் விற்பனைக் கோப்புக்களை அதனிடம் கொடுத்து, யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்ற நிலுவை அறிக்கையை எடுத்துத் தந்தார். முன்பு மூன்று நாள் எடுத்த வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. ஐந்து மாதம் எந்தக் குறையும் இல்லை.

ஜூன் மாத முடிவில் அவருக்குச் சோதினை. கடையில் நிற்கும் இன்னொரு பொடியனிடம் மடிக்கணினியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவனும் அதே உதவியாளரிடம் அதே கோப்புக்களைக் கொடுத்து, "இந்த மாத நிலுவை அறிக்கையைச் செய்து தா" என்று கேட்டான். அழகான அறிக்கை வந்தது. அதில் வெளியூர் கராஜ் உரிமையாளர் ஒருவரின் நிலுவை பூச்சியம் என்றிருந்தது. அதை நம்பி மேலும் இரண்டு இலட்சம் ரூபாவுக்குச் சாமான் அனுப்பினேன். உண்மையில் அவர் தந்திருந்தவை மூன்று பின்திகதியிட்ட காசோலைகள். அவற்றில் ஒன்றுகூட அப்போது வங்கிக்குப் போயிருக்கவில்லை. உதவியாளர் அவற்றைக் கைக்கு வந்த பணமாகக் கழித்துவிட்டது. பின்னர் இரண்டு காசோலைகள் திரும்பி வந்தன.

இரண்டாவது பிழை இதைவிட மோசமானது. நீர்கொழும்பில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர், வாப்பா காலத்திலிருந்து எங்களிடம் சாமான் எடுப்பவர். ஒரு ரூபா பாக்கி வைக்காதவர். அவருக்கு, "உங்கள் நிலுவையை உடனே செலுத்தவும்" என்று எங்கள் கடைப் பெயரில் குறுஞ்செய்தி போய்விட்டது. அடுத்த நாளே பற்றுச்சீட்டுக்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தார். சத்தம் போடவில்லை. பற்றுச்சீட்டுக்களை மேசையில் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, "உங்க வாப்பா இருந்திருந்தா எனக்கு இப்படி ஒரு மெசேஜ் வந்திருக்குமா மகன்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அன்றிரவு மருமகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சொன்னது: "நான் ஒவ்வொரு மாசமும் அதுக்கிட்ட சொல்லிக் குடுப்பேன் மாமா. செக் பாஸானாத்தான் கழிக்கணும், ஒரே ஆளுட பேர் ரெண்டு மாதிரி இருக்கும், நம்பரைப் பாரு என்டெல்லாம். இவன் அதைச் சொல்லல்ல. இவனுக்குத் தெரியாது தானே."

குற்றம் பொடியனுடையதும் அல்ல, இயந்திரத்தினுடையதும் அல்ல என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாப்பாவிடம் வேலை செய்த கணக்கப்பிள்ளை காசோலைகளுக்கென்று தனிக் கொப்பி ஒன்று வைத்திருந்தார். காசோலை வங்கியில் தேறிய பிறகுதான் பேரேட்டில் வரவு எழுதுவார். அந்த விதியை எவரும் எழுதி வைக்கவில்லை. அவர் தலையிலிருந்து என் தலைக்கும், என் தலையிலிருந்து மருமகன் தலைக்கும் வந்தது. மருமகன் ஒரு மாதம் இல்லாமல் போனதும் விதியும் இல்லாமல் போனது.

இந்த உதவியாளர் ஏன் மறக்கிறது?

நிரல் எழுதும் உதவியாளர் என்பது நாம் சாதாரண மொழியில் சொல்வதைக் கேட்டு, கணினி நிரலை எழுதி, நம் கோப்புறையில் உள்ள கோப்புக்களை வாசித்து, தேவையானால் அந்த நிரலை ஓட்டியும் காட்டும் ஒரு மென்பொருள். கிட்ஹப் கோபைலட் 2021 இல் முன்னோட்டமாக வந்தபோது அது பெரும்பாலும் நிரலாளர் எழுதும் வரியை முடித்துக் கொடுக்கும் வேலையையே செய்தது. இன்று கிளோட் கோட், கோடெக்ஸ், கர்சர் போன்றவை ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்து தருகின்றன.

இதனிடம் ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு புதிய உரையாடலையும் அது புதிதாக வேலைக்கு வந்த ஆளைப் போலவே தொடங்குகிறது. போன மாதம் அரை மணித்தியாலம் விளக்கிச் சொன்னது இந்த மாதம் தானாக அதன் முன்னால் வந்து நிற்கும் என்று நம்பியிருக்க முடியாது. சில மென்பொருட்களில் பழைய விடயங்களை நினைவில் வைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் எதை நினைவில் வைத்தது, எதை விட்டது என்பது நம் கையில் முழுமையாக இல்லை. கடைக் கணக்கை அதில் ஒப்படைக்க முடியாது.

இன்னொரு குணமும் உண்டு. நாம் சொல்லாத இடத்தை அது வெறுமையாக விடுவதில்லை. உலகில் பொதுவாக எப்படிச் செய்வார்களோ அப்படி நிரப்பிவிடுகிறது. காசோலையும் ஒரு கொடுப்பனவுதான் என்று எடுத்துக்கொண்டது அப்படித்தான். கேள்வி கேட்காமல் நம்பிக்கையோடு செய்து முடித்துவிடுவதால் பிழை கண்ணில் படுவதும் இல்லை.

மறதியால் வரும் பிழைக்கு எழுத்துத்தான் மருந்து என்பது புதிய செய்தியல்ல. 1935 ஒக்டோபர் 30 ஆம் திகதி அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் ஒன்று பரீட்சார்த்தப் பறப்பில் மேலெழுந்த உடனே விழுந்தது. ஓட்டியவர் அனுபவம் மிக்க விமானி. நிலத்தில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் வால்பகுதியைப் பூட்டி வைக்கும் பூட்டைப் புறப்படுமுன் எடுக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு விமானிகளை இன்னும் கவனமாக இருக்கச் சொல்லி விட்டுவிடவில்லை. புறப்படுமுன் பார்க்க வேண்டியவற்றை வரிசையாக ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். அதே விமானம் பின்னர் பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது. இன்று எந்த விமானத்திலும் அத்தகைய பட்டியல் இல்லாமல் புறப்படுவதில்லை.

இரண்டு வகைத் தாள்கள்

உதவியாளருக்கு எழுதி வைக்கும் அறிவுறுத்தல்களை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

முதலாவது பொதுத் தாள். எந்த வேலையானாலும் உதவியாளர் முதலில் வாசிக்க வேண்டியது. நம் கடை என்ன கடை, கோப்புக்கள் எங்கே இருக்கின்றன, திகதி எப்படி எழுதுவோம், எதைத் தொடக்கூடாது போன்றவை இதில் வரும். கிளோட் கோட் இதற்கெனத் தன் பெயரிலேயே உள்ள ஒரு கோப்பை ஒவ்வொரு முறையும் வாசிக்கிறது. கோடெக்ஸ் உட்படப் பல மென்பொருட்கள் 'ஏஜென்ட்ஸ்' என்ற பெயருள்ள கோப்பை வாசிக்கின்றன. கோபைலட்டுக்கும் கர்சருக்கும் அவற்றுக்குரிய இடங்கள் உண்டு. பெயர்தான் வேறு, வேலை ஒன்றே.

இரண்டாவது வேலைத் தாள். ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் உரியது. நிலுவை அறிக்கைக்கு ஒன்று, சரக்கிருப்புக் கணக்கெடுப்புக்கு ஒன்று, வரி விபரத்துக்கு ஒன்று. அந்த வேலை வரும்போது மட்டும் உதவியாளர் அதை எடுத்து வாசிக்கும். அந்த்ரோபிக் நிறுவனம் 2025 ஒக்டோபரில் இந்த முறையை 'ஸ்கில்ஸ்' என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. அதே வருடம் டிசம்பரில், மற்ற நிறுவனங்களின் மென்பொருட்களும் பின்பற்றக்கூடிய திறந்த நியமமாக அதை வெளியிட்டது.

எல்லாவற்றையும் பொதுத் தாளிலேயே எழுதினால் என்ன என்று நானும் கேட்டேன். கடைக்கு வந்த புதிய ஆளிடம் முதல் நாளே இருநூறு விதிகளைச் சொன்னால் எது மனதில் நிற்கும்? உதவியாளரும் அப்படித்தான். ஒரே நேரத்தில் அது பார்க்கக்கூடிய அளவுக்கு ஓர் எல்லை உண்டு. தேவையற்றவை கூடக்கூடத் தேவையானதன் மீது கவனம் குறைகிறது. ஆகவே பொதுத் தாள் சுருக்கமாக இருக்க வேண்டும். விபரம் வேலைத் தாளில் இருக்க வேண்டும்.

வேலைத் தாளை அமைப்பது எப்படி?

இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு கோப்புறையும் அதற்குள் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பும் போதும். ஸ்கில்ஸ் முறையில் அந்தக் கோப்புக்கு 'ஸ்கில்' என்று ஆங்கிலப் பெரிய எழுத்துக்களில் பெயரிட்டு, 'எம்டி' என்ற பின்னொட்டைச் சேர்க்க வேண்டும். கோப்பின் தலையில் இரண்டு விடயங்கள் இருக்கும்: வேலையின் பெயர், வேலை பற்றிய ஒரு விபரணம். பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில், இடைவெளிக்குப் பதிலாகச் சிறு கோடு போட்டு எழுத வேண்டும். அதன் கீழே நம் கட்டளைகள்.

தலையிலுள்ள விபரணத்தைப் பலர் அலட்சியமாக எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் சாவி. உதவியாளர் தொடக்கத்தில் எல்லா வேலைத் தாள்களையும் முழுமையாக வாசிப்பதில்லை. பெயரையும் விபரணத்தையும் மட்டும் பார்த்து வைத்துக்கொள்கிறது. நாம் கேட்கும் வேலை அந்த விபரணத்தோடு பொருந்தினால்தான் உள்ளே போய் முழுத் தாளையும் வாசிக்கிறது. களஞ்சியத்தில் பெட்டியின் மேல் ஒட்டும் துண்டைப் போன்றது அது. துண்டில் 'சாமான்' என்று மட்டும் எழுதினால் பெட்டியை எவரும் திறக்கமாட்டார்கள். 'டொயோட்டா பிரேக் பேட், முன் சில்லு' என்று எழுதினால் தேடுபவர் கைக்கு வரும்.

மருமகன் முதலில் எழுதிய விபரணம், "கணக்கு வேலைகளுக்கு உதவும்" என்பது. பொடியன் "யார் யார் காசு தரணும் என்டு பார்த்துச் சொல்லு" என்று கேட்டபோது உதவியாளர் அந்தத் தாளைத் திறக்கவே இல்லை. பிறகு இப்படி மாற்றினோம்: "மாத முடிவில் வாடிக்கையாளர் கடன் நிலுவை அறிக்கை தயாரிக்க. நிலுவை, பாக்கி, கடன், காசோலை, யார் காசு தரவேண்டும் என்ற பேச்சு வந்தால் இதைப் பயன்படுத்து." கடையில் வாயில் வரும் சொற்களையே போட்ட பிறகு ஒருமுறைகூடத் தவறவில்லை. கிளோட் கோட் போன்றவற்றில் சாய்கோடு போட்டு வேலைத் தாளின் பெயரைச் சொல்லி நேரடியாக அழைக்கவும் முடியும். பொடியனுக்கு அந்த முறையைத்தான் பழக்கினோம்.

கட்டளைகளை எழுதும்போது, "கவனமாகச் செய்", "பிழை விடாதே" என்ற மாதிரி வரிகளால் பயனில்லை. எதில் கவனம், எது பிழை என்று அதற்குத் தெரியாது. "காசோலைகளைக் கவனி" என்பதைவிட, "தேறிய திகதி என்ற நிரலில் திகதி இல்லாவிட்டால் அந்தக் காசோலையைக் கழிக்காதே" என்பது ஆயிரம் மடங்கு மேல். காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். காரணம் தெரிந்தால் நாம் எழுதாத ஒரு புதிய நிலைமை வரும்போதும் உதவியாளர் சரியான பக்கம் சாய வாய்ப்பு அதிகம்.

எங்கள் தாள்

ஏறக்குறைய ஒரு மாதம் திருத்தித் திருத்தி எழுதிய எங்கள் வேலைத் தாளின் சாரத்தைக் கீழே தருகிறேன். உங்கள் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

1. விற்பனை, பணவரவு, காசோலை, திரும்பிய சாமான் ஆகிய நான்கு கோப்புக்களும் இருக்கின்றனவா என்று முதலில் பார். ஒன்று குறைந்தாலும் நிறுத்திக் கேள். இருப்பதைக் கொண்டு செய்யாதே.

2. காசோலை பணமல்ல. வங்கியில் தேறிய திகதி பதியப்பட்ட காசோலையை மட்டும் நிலுவையிலிருந்து கழி. கையில் உள்ள பின்திகதியிட்ட காசோலைகளைத் தனி நிரலில் காட்டு. திரும்பிய காசோலை இருந்தால் அந்த வாடிக்கையாளரின் வரியைச் சிவப்பில் காட்டு.

3. திகதிகள் எல்லாம் நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் உள்ளன. 05/06 என்பது ஜூன் 5. மே 6 அல்ல.

4. வாடிக்கையாளரைப் பெயரால் அடையாளம் காணாதே. தொலைபேசி இலக்கத்தால் அடையாளம் காண். இலக்கம் பத்துத் தானங்கள் கொண்டது. ஒன்பது தானங்கள் மட்டும் இருந்தால் முன்னால் உள்ள பூச்சியம் விடுபட்டிருக்கிறது, சேர்த்துக்கொள்.

5. பழைய கோப்புக்களில் பெயர்கள் பாமினி எழுத்துருவில் உள்ளன. அவற்றை யுனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒப்பிடு. மாற்றியதில் சந்தேகம் இருந்தால் பட்டியலிட்டுக் காட்டு.

6. கூட்டல் கழித்தலை நீயாகச் சொல்லாதே. இந்தக் கோப்புறையில் உள்ள நிரலை ஓட்டி வரும் விடையை மட்டும் எழுது. நிரலை என் அனுமதியின்றி மாற்றாதே.

7. முடிவில் சரிபார்: ஆரம்ப நிலுவையோடு கடன் விற்பனையைக் கூட்டி, பணவரவு, தேறிய காசோலை, திரும்பிய சாமான் ஆகியவற்றைக் கழித்தால் இறுதி நிலுவை வர வேண்டும். ஒரு ரூபா வித்தியாசம் இருந்தாலும் அறிக்கை வெளியிடாதே, வித்தியாசத்தைச் சொல்.

8. எவருக்கும் குறுஞ்செய்தி அனுப்பாதே. அனுப்ப வேண்டியவர்களின் பட்டியலை மட்டும் தா.

நான்காவது, ஐந்தாவது விதிகளுக்குப் பின்னால் நீர்கொழும்புப் பெரியவரின் கதை இருக்கிறது. நம் நாட்டில் பழைய கணினிக் கோப்புக்கள் வைத்திருப்பவர்களுக்குப் பாமினி தெரிந்ததே. அந்த எழுத்துருவில் தட்டச்சு செய்த பெயர் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே ஆங்கில எழுத்துக்களாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்துருவை எடுத்துவிட்டால் பொருளற்ற குப்பையாகத் தெரியும். பெரியவர் எடுத்த சாமான்கள் பழைய கோப்பில் பாமினியிலும், அவர் கட்டிய பணம் புதிய கோப்பில் யுனிகோடிலும் இருந்தன. உதவியாளருக்கு அவர்கள் இரண்டு பேர். ஒருவர் கடன்காரர், மற்றவர் காரணமின்றிப் பணம் கட்டியவர். தொலைபேசி இலக்கத்தைப் பார்த்திருந்தால் ஒருவர் என்று தெரிந்திருக்கும். எக்செல் இலக்கத்தின் முன்னால் உள்ள பூச்சியத்தைச் சாப்பிட்டுவிட்டதால் அதுவும் பொருந்தவில்லை.

ஆறாவது விதியைப் பற்றியும் ஒரு சொல். இந்த உதவியாளர்கள் மொழியில் கெட்டிக்காரர்கள். நீண்ட கூட்டல் கணக்கை நிரல் இல்லாமல் வாயால் சொல்லவிட்டால் தடுமாறக்கூடியவர்கள். ஆகவே கணக்கைச் செய்யும் நிரலை ஒருமுறை எழுதவைத்து, சரிபார்த்து, வேலைத் தாள் இருக்கும் அதே கோப்புறையில் வைத்துவிட்டோம். மாதா மாதம் புதிய நிரல் எழுதினால் மாதா மாதம் புதிய பிழை வரலாம். ஒரே நிரல் ஓடினால், ஒரே கணக்குக்கு ஒரே விடை வரும்.

தாளைப் பரீட்சிப்பது

எழுதியவுடன் நம்பிவிடக்கூடாது. நாங்கள் முன்பு கையால் கணக்கு முடித்து, சரி என்று உறுதியாகத் தெரிந்த மூன்று மாதங்களின் கோப்புக்களை எடுத்தோம். விடையைச் சொல்லாமல் உதவியாளரிடம் கொடுத்தோம். முதல் மாதம் சரியாக வந்தது. இரண்டாவது மாதத்தில் ஒரு வித்தியாசம். தேடிப் பார்த்தால், ஒருமுறை திரும்பிய காசோலையை மீண்டும் வைப்பிலிட்டுத் தேறியிருக்கிறது. அது பற்றி நாங்கள் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஒரு வரி சேர்த்தோம். அடுத்து, மருமகன் பக்கத்தில் இல்லாமல் பொடியனை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தோம். எழுதியவர் இல்லாதபோதும் வேலை நடக்கிறதா என்பதுதானே உண்மையான பரீட்சை.

இப்போதும் புதிதாக ஒரு பிழை வந்தால் உதவியாளரை உரையாடலில் திருத்திவிட்டு அப்படியே விடுவதில்லை. அந்தத் திருத்தத்தை ஒரு வரியாக்கித் தாளில் சேர்த்து, பக்கத்தில் திகதியும் போடுகிறோம். தேவையற்றுப் போன வரியை நீக்கவும் செய்கிறோம். தாள் நீண்டுகொண்டே போனால் அதன் பலன் குறையும். ஸ்கில்ஸ் கோப்பு ஐந்நூறு வரிகளைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று அந்த்ரோபிக் ஆலோசனை சொல்கிறது. நம்மைப் போன்ற கடைக்கு ஐம்பது வரிகளே தாராளம்.

மாறும் எண்களைத் தாளில் எழுதாதீர்கள்

வற் வரிக்குப் பதிவு செய்தவர்களுக்கு இது முக்கியம். 2002 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த பெறுமதி சேர் வரி, 2019 டிசம்பரில் 8 வீதமாகக் குறைந்தது. 2022 ஜூனில் 12 வீதம், அதே வருடம் செப்டெம்பரில் 15 வீதம், 2024 ஜனவரியில் 18 வீதம் என்று ஏறியது. நான்கு வருடங்களில் நான்கு வீதங்கள்!

கட்டளையில் "18 வீதம் கூட்டு" என்று எழுதினால் இன்றைய பற்றுச்சீட்டு சரியாக வரும். ஆனால் 2023 இல் விற்ற சாமானுக்கு வாடிக்கையாளர் பிரதி கேட்டால் அதிலும் 18 விழும். வீதம் மீண்டும் மாறினால் எல்லா இடத்திலும் தேடித் திருத்த வேண்டும். எங்கள் தாளில் எண்ணே இல்லை. "பற்றுச்சீட்டின் திகதியைப் பார், வரி வீத அட்டவணையில் அந்தத் திகதிக்குரிய வீதத்தை எடு, அட்டவணையில் இல்லாவிட்டால் கேள்" என்று மட்டுமே இருக்கிறது. அட்டவணை தனிக் கோப்பு. வீதம் மாறினால் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் போதும். டொலர் மாற்று விகிதம், விலைப்பட்டியல், தரகு வீதம் எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

வங்கிக் கணக்கின் இரகசியச் சொல், மின்னஞ்சல் இரகசியச் சொல் போன்றவற்றை இந்தத் தாள்களில் ஒருபோதும் எழுத வேண்டாம். இவை சாதாரண எழுத்துக் கோப்புக்கள். மடிக்கணினியைத் திறப்பவர் எவரும் வாசிக்கலாம். உதவியாளருக்குக் காட்டும் விடயங்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் உள்ள கணினிகளுக்குப் போகின்றன என்பதையும் மறக்கக்கூடாது. வாடிக்கையாளரின் பெயரும் இலக்கமும் கடனும் அவர் நம்மிடம் வைத்த அமானிதம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் நம் நாட்டில் இருக்கிறது. நிரலை எழுதவும் பரீட்சிக்கவும் பொய்ப் பெயர்கள் போட்ட மாதிரிக் கோப்பையே கொடுங்கள். உண்மைக் கோப்பில் நிரலை உங்கள் கணினியிலேயே நீங்கள் ஓட்டிக்கொள்ளலாம். நாங்கள் இதைப் பிந்தித்தான் கற்றுக்கொண்டோம்.

செய்தி அனுப்புவது, கோப்பை அழிப்பது, விலையை மாற்றுவது போன்ற திரும்பப் பெற முடியாத வேலைகளை உதவியாளர் தானாகத் தொடங்க விடாதீர்கள். மனிதர் பெயர் சொல்லி அழைத்தால் மட்டுமே குறித்த வேலைத் தாள் இயங்கும்படி அமைக்கும் வசதி கிளோட் கோட் போன்றவற்றில் உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். எவ்வளவு நன்றாக எழுதினாலும் உதவியாளர் ஒரு வரியைத் தவறவிடும் நாள் வரலாம். ஆகவே அறிக்கையைப் பார்த்துக் கையொப்பம் இடுபவர் ஒருவர் கடையில் இருந்தே ஆகவேண்டும். என் கடையில் அது நான். மாதத்தில் பத்துப் பெயர்களை எடுத்து, பற்றுச்சீட்டுக் கட்டோடு நானே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

எங்கிருந்து தொடங்கலாம்?

கணினியைத் திறக்குமுன் ஒரு கொப்பியை எடுங்கள். இஷாவுக்குப் பிறகு கடை மூடியதும் உங்கள் கணக்கைப் பார்ப்பவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, மாதா மாதம் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு வேலையை மட்டும் தெரிவு செய்யுங்கள். அவர் செய்துகாட்டும்போது, "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று ஒவ்வொரு படியிலும் கேட்டு எழுதுங்கள். அவரே நினைத்துப் பார்க்காத விதிகள் வெளியே வரும். உங்களிடம் செயற்கை நுண்ணறிவு இல்லாவிட்டாலும் அந்தக் கொப்பி வீண் போகாது. நாளை புதிய ஆள் வந்தால் அவர் கையில் கொடுக்கலாம்.

கராஜ் உரிமையாளரின் பணத்தில் பாதி தவணை முறையில் வந்து சேர்ந்தது. மீதிக்கு இன்னும் அலைகிறேன். நீர்கொழும்புப் பெரியவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அந்தக் குறுஞ்செய்தி எப்படி வந்தது என்று விசாரித்தார். காசோலைக் கொப்பியின் கதையையும் புதிய தாளின் கதையையும் சொன்னேன். அவர் சிரித்தார். தன்னிடமும் முப்பது வருடமாக ஒரே கணக்கப்பிள்ளைதான் இருக்கிறார் என்றும், அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை என்றும் சொன்னார். "அவருக்குத் தெரிஞ்சதை யாராவது எழுதி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். அடுத்த வாரம் மருமகனையும் ஒரு புதிய கொப்பியையும் நீர்கொழும்புக்கு அனுப்பி வைத்தேன்.